மந்தர நரம்பும் மின்செவியும்

இன்னிசை யாவும் மேலோசை, கீழோசை என்னும் இரண்டன் இயைபால் நடப்பன. அவற்றுள் மேலோசை கேட்பார் உள்ளத்தை உடனே கவர்தலின் அதனைப் புகழ்வோர் பலர். கீழோசையோ மாளிகையின் அடித்தளம்போலத் தான் மறைந்து நின்று பிறவற்றைத் தாங்குவது. அஃது ஒலிக்குங்கால் அதனை நினைப்பார் இலர். ஒலியாதொழியின் பாட்டு நிலைகொள்ளாது அலமருதலை யாவரும் உணர்வர். நால்வகைக் குரலால் கீதம் பாடும் குழுவில் பேஸ் குரலினர் ஒருநாள் வாராதொழிந்தால் நேருங் குறையை நம் கல்லூரியார் நன்கறிவர்.

இக்கீழோசையைப் பிறப்பித்தல் எளிதன்று. ஓசை எத்துணைத் தாழ்ந்ததோ அத்துணைப் பெரிய கருவி வேண்டுவது பொதுவிதி. பைப் ஆர்கனில் வினாடிக்கு ஏறக்குறைய 33 அதிர்வுடைய சுரத்தை எழுப்பும் திறந்த குழல் 16 அடி நீளமுடையது. வயலின் இனத்துள் மிகப் பெரியதாகிய டபிள் பேஸ், அதனை வாசிப்போனினும் உயர்ந்து நிற்பது. அதன் அடிநரம்பு வினாடிக்கு 41 முறை அதிரும். இத்துணைப் பேருடல் வாய்ந்திருந்தும், 1930-ஆம் ஆண்டிற்குப்பின் அமெரிக்க நடனக் குழுக்களில் எக்காளங்களும் முரசுகளும் மிக்கு முழங்கியபோது அதன் ஒலி அவற்றுள் அமிழ்ந்து போயிற்று. வாசிப்போன் விரல் கொப்புளிக்க இழுத்தும் அவையினர் செவிக்கு அஃது எட்டவில்லை. அதனை ஊர்தோறும் சுமந்து செல்வதும் பெருந்தொல்லையாயிற்று. இவ்விரு துன்பங்களினின்றும் பிறந்ததே மின்சாரப் பேஸ் கிட்டார்.

இன்று கடைகளிற் காணும் பேஸ் கிட்டார்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பின. நீண்ட தண்டி, நான்கு உருக்குத் தந்திகள், இரு கொம்புடைய மரப்பலகை உடல், அவ்வுடலின்மேல் ஒன்றோ இரண்டோ காந்தச் சுருள்கள்: இவ்வளவே. இவ்வார்ப்பினின்றும் விலகிய கருவிகளும் பல உள. ஒன்றற்குத் தலையில்லை, ஒன்றன் உடல் பளிங்குபோல ஊடுருவிக் காணத்தக்கது, ஒன்றன் நரம்பு ரப்பரால் இயன்றது. இவற்றைக் காண்போர், விளையாட்டுப் பொருள்கள் என நகைத்துக் கடந்து செல்வதுண்டு. யாம் அவ்வாறு கருதவில்லை. இவற்றுட் பல ஒரு வினாவிற்கு விடையாக எழுந்தவை. அவ்வினா யாதெனின், தாழ்ந்த ஓசையைக் கேட்டற்குரிய செவி எது, அதனைக் கருவியில் எங்கே வைத்தல் தகும் என்பதே. மின்கருவிக்குச் செவியாவது ஆங்கிலத்தார் பிக்கப் என வழங்கும் உறுப்பு. உருவத்தை மட்டும் நோக்காது, பிக்கப் எதனைக் கேட்கின்றது என்று நோக்குவார்க்கு இவ்விநோதங்களின் பொருள் எளிதிற் புலனாகும்.

நரம்பு தனித்து அதிர்ந்தால் மிகச் சிறிதளவு காற்றையே அசைக்கும். ஆதலால் வீணைக்குக் குடமும் யாழுக்குப் பத்தரும் வேண்டப்பட்டன. நரம்பின் அதிர்வு குதிரை வழியாக அகன்ற பலகையையோ தோலையோ அடைந்து, அது பெருங்காற்றை அசைத்தலால் ஓசை விரிகின்றது. மின்கருவியில் இத்தொழிலை ஒலிபெருக்கி மேற்கொள்ளும். எனவே குடம் வேண்டுவதில்லை. திண்ணிய பலகை ஒன்றே அமையும். இவ்வுண்மையைப் பேஸ் கருவிக்கு முதன்முதற் பயன்படுத்தியோருள் குறிக்கத்தக்கவர் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர். 1936-ஆம் ஆண்டையொட்டி அவர் ஆடியோவாக்ஸ் என்னும் பெயரால் விற்ற பேஸ், திண்ணிய உடலும், மெட்டுக்கள் பதித்த தண்டியும், காந்தப் பிக்கப்பும் உடையது. கிட்டார்போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்கது. பின்னாள் உலகம் போற்றிய கருவியின் உறுப்புக்கள் யாவும் அதன்கண் அப்பொழுதே அமைந்திருந்தன. எனினும் அதனை வாங்கினோர் சிலரே. அது விரைவில் மறக்கப்பட்டது. காலத்திற்கு முந்திப் பிறந்த பொருளுக்கு இஃது இயல்பு போலும்.

டபிள் பேஸை விட மனமில்லாதார் வேறு வழி தேடினர். எவரெட் ஹல் என்னும் டபிள் பேஸ் வாணர் 1946-இல் அக்கருவியின் அடிக்காலாகிய முளையின் வழியே உள்ளுக்குள் ஓர் ஒலிவாங்கியைச் செலுத்தினார். முளையை ஆங்கிலத்தார் பெக் என்பர். ஒலி பெருக்கப்பட்ட முளை என்னும் பொருளமைந்த இரு சொற்களைக் குறுக்கி ஆம்பெக் எனத் தம் பொருளுக்குப் பெயரிட்டார். அதுவே அவருடைய தொழிற்சாலைக்கும் பெயராயிற்று. இப்பெயரைப் படிப்போர் நினைவிற் கொள்க. இது மீண்டும் வரும்.

1951-இல் கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில், முன்னர் ரேடியோ பழுது பார்க்கும் கடை நடத்திய லியோ பெண்டர் என்பவர் பிரிஸிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். பிரிஸிஷன் என்பதற்குத் துல்லியம் என்பது பொருள். மெட்டுக்கள் பதித்தமையால் விரல் சிறிது வழுவினும் சுரம் வழுவாது என்பதே அப்பெயரின் கருத்து. நரம்பின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பான்மைப் பேஸ்களுக்கு இதுவே அளவு. விநோதக் கருவிகளை ஆராயுமுன், இப்பொதுக் கருவியின் செவி கேட்கும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

1831-இல் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, கம்பிச்சுருள் ஒன்றனூடே செல்லும் காந்தப் புலம் மாறினால் அச்சுருளில் மின்னோட்டம் எழும் என்று கண்டார். பிக்கப் இவ்விதியின் வழிப்பட்டது. நரம்பின்கீழ் ஒரு காந்தம். அதனைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி ஏறக்குறையப் பதினாயிரம் சுற்று. காந்தத்தின் அணுமையால் உருக்கு நரம்பும் ஒரு சிறு காந்தமாகிவிடும். நரம்பு அசையுந்தோறும் சுருளினூடே செல்லும் புலம் கூடியுங் குறைந்தும் மாற, நரம்பின் அதிர்வையே ஒத்த மெல்லிய மின்னோட்டம் சுருளில் எழும். அதன் வலிமை ஒரு வோல்டின் பத்திலொரு பங்கு என்னும் அளவினது. அதனை ஆம்பிளிபையர் வளர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இங்கு ஒன்று கருதத்தக்கது. நன்கு கட்டப்பெற்ற இச்செவியின்முன் நாம் உரக்கக் கூவினாலும் அது கேளாது. உருக்கு அசைந்தால் மட்டுமே கேட்கும். குடல் நரம்பும் நைலானும் ரப்பரும் அதன்மேல் எவ்வளவு ஆடினும் அதற்கு அவை இல்லாதனவே.

இனி, செவியை எங்கே வைப்பது? நரம்பு முழுமையாக ஆடுவதோடன்றித் தன்னை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பகுத்துக்கொண்டும் ஒரே காலத்தில் ஆடுகின்றது. முழு ஆட்டத்தால் அடிப்படைச் சுரமும், பகுதியாட்டங்களால் மேற்சுரங்களும் எழும். பகுதிகள் கூடும் இடங்களில் அந்த ஆட்டத்திற்கு அசைவே இல்லை. 34 அங்குல நரம்பில், குதிரையிலிருந்து எட்டரை அங்குலத்தில் ஒரு செவியை வைப்போமாயின், நான்காகப் பகுந்தாடும் ஆட்டம் அங்கே அசைவின்றி நிற்றலால் அதனைச் சார்ந்த சுரம் அச்செவிக்குக் கேளாது. அதே நரம்பைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் அதிரும் பகுதி 17 அங்குலமாகக் குறுகும். செவி நட்டநடுவில் நிற்பதாகும். அப்பொழுது 2, 4, 6 என்னும் இரட்டைப்படை ஆட்டங்கள் யாவும் அதற்கு மறையும். செவி ஓரிடத்தே நிலையாக இருப்பினும், விரல் இடம் மாறுந்தோறும் அது கேட்பது வேறுபடும் என்பது இதனாற் பெறப்பட்டது. பொதுவாகக் கூறின், குதிரையை ஒட்டிய செவி மேற்சுரம் மிக்க கூரிய ஓசையையும், தண்டியை ஒட்டிய செவி உருண்டு திரண்ட ஓசையையும் கேட்கும். ஜாக்கோ பஸ்டோரியஸ் என்னும் புகழ்பெற்ற வாணர், 1962-இல் செய்யப்பட்ட ஜாஸ் பேஸ் ஒன்றில் மெட்டுக்களை நீக்கி, மரத்தின்மேல் எப்பாக்ஸி பூசி, குதிரைப்பக்கத்துச் செவியையே பெரிதும் நாடி வாசித்தார். 1976-இல் அவர்தம் இசைத்தட்டு வெளிவந்தபோது, பேஸ் கிட்டார் மனிதர் குரல்போலப் பாடுகின்றதே எனக் கேட்டோர் வியந்தனர்.

மின்கருவியில் மின்சாரமே பாடுகின்றது, மனிதன் கைத்திறத்திற்கு அங்கு இடமில்லை என்று நம் தோழருள் ஒருசாரார் வாதிப்பர். மேற்கூறியவற்றை நோக்கின் அக்கூற்று நில்லாது. பிக்கப் தானாக ஒரு சுரத்தையும் ஆக்குவதன்று. விரல் எவ்விடத்தில் தொட்டது, சதையால் மீட்டியதா நகத்தால் மீட்டியதா, இடக்கை நரம்பை எவ்வளவு விரைவில் விடுத்தது என்பனவெல்லாம் அதன்கண் அப்படியே பதியும். குற்றத்தையும் அது மறைப்பதில்லை, பெருக்கியே காட்டும். எம் கருத்தில், செவி கூர்மையுடையதாக ஆக வாசிப்போன் பொறுப்பு மிகுமேயன்றிக் குறையாது.

ஒரு குறையை மட்டும் இச்செவியின்பால் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சுருளானது நரம்பை மட்டுமன்றி, அறையிலுள்ள மின்கம்பிகளும் விளக்குகளும் வீசும் மாறுபுலத்தையுங் கேட்டு இரைச்சலிடும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுவது. பேஸின் நான்கு நரம்புகள் முறையே 41, 55, 73, 98 அதிர்வினவாதலின், இவ்விரைச்சல் கீழிரண்டு நரம்புகளின் நடுவே வந்து குடியேறுகின்றது. ஏனைக் கருவியாளரினும் பேஸ் வாசிப்போர்க்கே இத்தொல்லை பெரிது. 1957-இல் பெண்டர் சுருளை இரண்டாகப் பிளந்து, இரு நரம்புக்கு ஒன்றாக வைத்து, ஒன்றன் காந்தமுனையையும் சுற்றும் திசையையும் மற்றதற்கு மாறாக்கினார். வெளியிரைச்சல் இரு சுருளிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழிக்க, நரம்பின் ஓசையோ அழியாது நின்றது. பிளந்த அவ்வடிவம் அன்று புதுமையாகத் தோன்றியது. இன்று அதுவே பேஸ் பிக்கப்பின் பொதுவடிவம்.

உருவப் புதுமை மட்டுமுடைய கருவிகளை விரைந்து கடந்து செல்வோம். ஜெர்மனியில் ஹாப்னர் தொழிற்சாலையார் 1956-இல் வயலின் உருவில் ஒரு சிறு பேஸ் செய்தனர். இடக்கையாளராகிய பால் மக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் அதனை வாங்கினார். இருபுறமும் ஒத்த உருவாதலின் திருப்பிப் பிடித்தாலும் அழகு கெடாது என்பது அவர் கண்ட நலம். நேதன் டேனியல் என்பவரின் டேனெலக்ட்ரோ கருவிகளோ சிக்கனத்திற்குப் பேர்போனவை. உடல், மரச்சட்டத்தின்மேல் அறைந்த மேஸனைட் அட்டை. பிக்கப், மகளிர் உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய்க்குள் புகுத்திய காந்தமும் சுருளும். சாயம் விற்போர்க்குக் குழாய் செய்து கொடுத்த ஆலையிலிருந்தே அவர் அவற்றை வாங்கினார். எளிய வீட்டு இளைஞர் பலர் முதற்கருவி பெற்றது இச்சிக்கனத்தால் அன்றோ!

இனி ஆம்பெக் தொழிற்சாலையாரிடம் மீள்வோம். டபிள் பேஸின் ஓசையை விட்டுப் பிரிய மனமில்லாத அவர்கள், 1966-இல் ஏ.இ.பி. 1 என்னும் கிடைப்பேஸை வெளியிட்டனர். தலையில் வயலின்போன்ற சுருள். உடலில் எப் என்னும் ஆங்கில எழுத்து வடிவாக முன்னிருந்து பின்வரை ஊடுருவிய இரு துளைகள். திண்ணிய பலகையில் அத்துளைகள் ஓசைக்கு யாதும் உதவா. பழமைக்குச் செய்த வணக்கம் என்றே கொள்ளல் வேண்டும். ஆயின் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில்தான் உண்மைப் புதுமை இருந்தது. மேற்பரப்பில் பிக்கப் எதுவுமில்லை. குதிரையின் கால்கள் மெல்லிய உருக்குத் தகடு ஒன்றன்மேல் நின்றன. அத்தகட்டின்கீழ்க் காந்தமுஞ் சுருளும் மறைந்திருந்தன. நரம்பு ஆட, குதிரை தகட்டை அழுத்த, தகடு அதிர, சுருள் அதனைக் கேட்டது. நரம்பைக் கேளாது குதிரையைக் கேட்டமையால், உருக்கேயன்றிக் குடல் நரம்பையும் அதன்கண் பூட்டலாயிற்று. மெட்டில்லாத அதன் உடன்பிறப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. தொழிற்சாலை பெருமளவிற் செய்து விற்ற மெட்டற்ற மின்பேஸ்களுள் அதுவே முதலாவது என்பர். ஆயினும் உலகம் காந்தச் செவியின் அழுத்தமான ஓசைக்குப் பழகிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆம்பெக் தொழிற்சாலையாரே தகட்டைக் கைவிட்டுக் காந்தப் பிக்கப்பிற்கு மாறினர். வழக்கத்தின் வலிமைக்கு முன் நல்ல கருத்தொன்று தோற்றது என்றே யாம் எண்ணுகின்றோம்.

அதே தொழிற்சாலைக்காக டான் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் 1969-இல் பிளெக்ஸிகிளாஸ் உடலால் ஒரு பேஸ் வகுத்தார். காண்பதற்கு அழகு, தோளுக்குச் சுமை. அதனினும் ஆழமான வினாவை எழுப்பியவர் நெட் ஸ்டைன்பர்கர். இவர் இசைவாணர் அல்லர்; நாற்காலி, மேசை முதலிய தட்டுமுட்டுப் பொருள்களை வகுக்கும் கலைஞர். மரத்தண்டியுடைய பேஸ்களில் ஏதேனும் ஓரிரண்டு சுரம் மட்டும் விரைவில் மடிந்துபோவதுண்டு. அச்சுரத்தின் அதிர்வும் தண்டியின் இயல்பான அதிர்வும் ஒத்துவிட, நரம்பின் ஆற்றலைத் தண்டி உறிஞ்சிக்கொள்வதே காரணம். 1980-ஐ ஒட்டி ஸ்டைன்பர்கர், கரியிழையையும் எப்பாக்ஸியையும் கலந்து வார்த்த தண்டியால் இக்குறையைப் போக்க முயன்றார். தலையையே வெட்டி எறிந்து, பிருடைகளைக் குதிரைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். உடலோ ஒரு சிறு பெட்டியளவாகச் சுருங்கியது; நரம்பின் நீளம் மட்டும் 34 அங்குலமாகவே நின்றது. அதில் அமைந்த பிக்கப்பும் வேறு வகை: குறைந்த சுற்றுடைய சுருள், அதனோடு ஒட்டியே மின்கலத்தால் இயங்கும் சிறு ஆம்பிளிபையர். நீண்ட கம்பிவழிச் செல்லுங்கால் மேற்சுரங்கள் தேய்ந்துபோகாமல் அது காத்தது. செவி எவ்வளவு நன்றாயினும், நரம்பிடத்தில் இல்லாத ஆற்றலை அது கேட்க முடியாது என்பதே இத்தலையில்லாக் கருவி நமக்குக் காட்டும் உண்மை.

நான்கு நரம்புக்கும் ஒரு செவி போதுமா என்று வினவினாரும் உளர். கலிபோர்னியாவில் அலெம்பிக் என்னும் குழுவினர், கிரேட்புல் டெட் இசைக்குழுவின் பில் லெஷ் என்பார்க்காக, நரம்பொன்றுக்கு ஒரு தனிச்செவி அமைந்த பேஸ் செய்தனர். 1974-இல் அக்குழு மேடையில் நிறுத்திய மாபெரும் ஒலிபெருக்கிச் சுவரில், அவரது ஒவ்வொரு நரம்பின் ஓசையையும் தனித்தனி ஒலிபெருக்கித் தொகுதிக்கு அனுப்பலாகும். ஒருவர் கையில் நான்கு கருவிகள் என்று கூறினும் பொருந்தும். அச்சுவரைத் தூக்கி நிறுத்தும் செலவு தாங்காது அவ்வாண்டிலேயே அதனைக் கைவிட்டனர்.

யாம் மிகவும் வியந்தது ஆஷ்பரி என்னுஞ் சிறு பேஸ். ஆஷ்வொர்த் ஜோன்ஸ், தார்ன்பரி என்னும் ஆங்கிலேயர் இருவர் இதனை வகுத்தனர். இருவர் பெயரும் இணைந்து கருவியின் பெயராயிற்று. 1986-இல் கில்ட் தொழிற்சாலையார் இதனை விற்கத் தொடங்கினர். நரம்பின் நீளம் 18 அங்குலமே; எனினும் டபிள் பேஸின் அடிச்சுரத்தையே ஒலிக்கும். தாழ்ந்த ஓசைக்குப் பெரிய கருவி வேண்டும் என்ற விதி என்னாயிற்று? நரம்பின் ஓசை, அதன் நீளத்தையும் அதனூடே அலை செல்லும் வேகத்தையும் பொறுத்தது. 34 அங்குல உருக்கு நரம்பு 41 அதிர்வு தரவேண்டின், அலை வினாடிக்கு ஏறக்குறைய 71 மீட்டர் செல்லல் வேண்டும். 18 அங்குலத்தில் அதே சுரம் பெற, 38 மீட்டர் வேகம் போதும். நரம்பு தடித்ததாகவும் தளர்ந்ததாகவும் இருப்பின் அலை இவ்வாறு மெல்லச் செல்லும். உருக்கை இவ்வளவு தளர்த்தினால் அது சுரங்கொள்ளாது தண்டியில் மோதிச் சலசலக்கும். ஆதலின் இவ்விருவரும் சிலிகோன் ரப்பரை நரம்பாக்கினர். ரப்பர் விரலில் ஒட்டுமாதலால் வாசிப்போர் கையிற் பவுடர் பூசிக்கொள்வர் என்பது ஒரு வேடிக்கை.

ரப்பர் நரம்பைக் காந்தச் செவி கேளாது என்று முன்னரே கூறினோம். இங்கு உதவியது பியஸோ என்னும் அழுத்தமின் செவி. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும் என்று 1880-இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக்கும் பிரான்ஸு தேசத்திற் கண்டறிந்தனர். அத்தன்மையுடைய பொருளைக் குதிரையின்கீழ் வைத்தால், நரம்பு எதனால் ஆயதாயினும், அதன் அழுத்தம் மின்னாக மாறும். அம்மின் மிக நொய்தாதலின் கருவிக்குள்ளேயே ஒரு சிறு ஆம்பிளிபையர் வைத்தல் இன்றியமையாதது. பத்தருமின்றிக் குடமுமின்றி, கைக்குழந்தைபோல் மடியிற் கிடக்கும் இக்கருவி, ஒலிபெருக்கியில் இணைத்தவுடன் டபிள் பேஸ்போல உறுமும். இன்று உகுலேலி உருவில் 21 அங்குல அளவான நரம்போடு விற்கப்படும் சிறு பேஸ்களுக்கு இதுவே வழிகாட்டி.

காந்தத்திற்கு மற்றொரு குறையும் உண்டு. அது நரம்பைக் கேட்பதோடன்றி அதனைத் தன்பால் இழுக்கவுஞ் செய்கின்றது; மிக அணுக வைத்தால் சுரம் பிசகி விரைவில் அவிந்துபோம். இதனைப் போக்க, 2000-ஆம் ஆண்டையொட்டி லைட்வேவ் என்னும் குழுவினர் ஒளியையே செவியாக்கினர். நரம்பொன்றுக்கு ஒரு சிறு விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளியைச் சொரியும்; எதிரே ஒளியுணரும் சில்லு இருக்கும். நடுவே ஆடும் நரம்பின் நிழல் அச்சில்லின்மேல் விழுந்தும் விலகியும் மாற, அம்மாற்றமே மின்னாகி ஓசையாகின்றது. இச்செவி நரம்பைத் தொடுவதுமில்லை, இழுப்பதுமில்லை. ஆனால் மின்கலம் ஓய்ந்தால் இதுவும் ஓய்ந்துவிடும். மின்கலம் வேண்டாத பழைய காந்தச் சுருளின் எளிமை இதற்கு வாய்க்கவில்லை.

இக்காலத்துக் கருவி செய்வோர் சிலர், ஒரே பேஸில் நரம்பின்கீழ்க் காந்தச் செவியும் குதிரையின்கீழ் அழுத்தமின் செவியும் வைத்து, இரண்டையுங் கலக்க ஒரு குமிழும் அமைக்கின்றனர். குமிழை ஒருபுறம் முற்றத் திருப்பினால் பெண்டர் கேட்ட ஓசை. மறுபுறம் திருப்பினால் ஆம்பெக் தொழிற்சாலையார் 1966-இல் நாடிய ஓசையின் சாயல். இடையே எங்கு நிறுத்துவது என்பது வாசிப்போன் விருப்பம்.